வாங்கியது யாருக்குச் சொந்தம்?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது. சட்ட நூல்கள் எழுதப்படுமுன்பே சந்தையில் நிலைபெற்றுவிட்ட அறம் இது. சிம்பாங் அம்பாட் கடைத்தெருவில் ஒரு மிதிவண்டியை வாங்குபவர் அதனை ஓட்டலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், பழையதானபின் விற்கலாம். விற்ற கடை மூடப்பட்டாலும் வண்டி ஓடும். கடைக்காரர் நள்ளிரவில் வந்து சக்கரத்தைக் கழற்றிச் சென்றால் உலகம் அதனைத் திருட்டு என்றே கூறும். ஆனால், கணினி விளையாட்டுகளை விற்கும் நிறுவனம் அதே செயலைச் செய்தால், ‘உரிமம் முடிவுற்றது’ என்று அதற்கு நாகரிகமான பெயர் சூட்டப்படுகிறது!

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், 2014 டிசம்பரில் ‘தி குரூ’ என்னும் மகிழுந்துப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. ஒருவர் தனித்து விளையாடினாலும், நிறுவனத்தின் மையக் கணினியோடு இணையத் தொடர்பு இருந்தாலன்றி அது இயங்காது. 2024 மார்ச் 31இல் அம்மையக் கணினிகள் நிறுத்தப்பட்டன. வட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் மிஞ்சியது வெறும் பிளாஸ்டிக்கே.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் சிக்கல்தானே என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடலாகாது. 2009இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை வாசகர்களின் மின்னூல் கருவிகளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்து, பின்னர் மன்னிப்பும் கேட்டது. இன்று விளையாட்டுக்கு நேர்வது நாளை நூலுக்கும் பாடலுக்கும் நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

‘விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுதானே வாங்கினார்கள்?’ என்பது நிறுவனங்களின் வாதம். பொத்தானில் ‘வாங்குக’ என்று பெரிய எழுத்தில் பொறித்துவிட்டு, ‘இது விற்பனையன்று’ என்பதைப் பல பக்க ஆங்கிலச் சட்டமொழியில் புதைத்து வைப்பது நேர்மையாகுமா? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மகனுக்கு விளையாட்டு வாங்கித் தரும் தந்தை, அவ்விதிகளைப் படித்துப் பேரம் பேசவா முடியும்? இந்த மயக்கத்தைத் தடுக்கவே கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது. விற்கப்படுவது உரிமமே என்பதைத் தெளிவாகக் கூறாமல் ‘வாங்குக’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது 2025 தொடக்கம் முதல் அங்கு விதி.

‘மையக் கணினிகளை என்றென்றும் நடத்த இயலுமா?’ என்றும் கேட்கின்றனர். அவ்வாறு நடத்துமாறு எவரும் கோரவில்லை. சேவையை நிறுத்துமுன், வாங்கியவர் தம் கணினியிலேயே தொடர்ந்து விளையாடும் வழியைச் செய்துவிட்டுப் போகவேண்டும் என்பதே கோரிக்கை. இதற்காக ஐரோப்பாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 2025க்குள் கையொப்பமிட்டனர். எதிர்ப்பு வலுத்தபின், ‘தி குரூ’வின் அடுத்த பாகத்தை இணையமின்றி இயங்கச் செய்வதாக யூபிசாஃப்ட் 2024இல் அறிவித்தது. அடுத்த பாகத்திற்கு இயலுவது முதற்பாகத்திற்கு மட்டும் ஏன் இயலாமற் போயிற்று?

பயனீட்டாளர் உரிமைக் குரலுக்குப் பினாங்கு புதியதன்று. எஸ்.எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ஏழை எளியோரின் குறைகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குரல் கொடுத்து வருகிறது. நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2007இல் மின்வணிகம் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. 2010இல் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைத் தடுக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. அடித்தளம் உளது, அதன்மேல் கட்டுவதே எஞ்சிய பணி.

விற்பதாயின் முழுமையாக விற்கட்டும். வாடகையாயின் வாடகை என்று கூறி, காலத்தைக் குறித்து, அதற்கேற்பக் குறைந்த விலை பெறட்டும். விற்பனையின் விலையைப் பெற்றுக்கொண்டு வாடகையின் உரிமையை மட்டும் தருவது வாணிகமாகாது. இதனைச் சட்டத்தில் எழுதுமாறு கோருவது பயனீட்டாளர் கடமை. எழுதுவது நாடாளுமன்றத்தின் கடமை.