குதிரைமேல் ஒரு கறுப்பு நாயகன்



கௌபாய் என்றாலே நம் கண்முன் வந்து நிற்பவர் ஒரு வெள்ளைக்காரர்தான். கிதாரும் குதிரையுமாகப் பாடிக்கொண்டு வந்த ஜீன் ஆட்ரியும் ராய் ரோஜர்ஸும் 1930களில் அந்த உருவத்தை மனதில் ஆழப் பதித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்ஸாஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணிக்கிறார்கள். சுருக்குக் கயிறு வீசும் வித்தையோ மெக்ஸிக்கோவின் மாடு மேய்ப்பர்களான வக்கேரோக்களிடமிருந்து வந்தது. திரையில் பாட்டும் காதலும் மட்டும் வேறொருவருக்குப் போய்விட்டன.

இந்த இதழுக்காகப் பழைய பாட்டு வெஸ்டர்ன்களை, அதாவது நாயகன் பாடிக்கொண்டே வரும் கௌபாய் படங்களை, தேடிப் பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியவர் ஹெர்ப் ஜெஃப்ரிஸ். டெட்ராய்டில் பிறந்த ஜாஸ் பாடகர். இசைக்குழுவோடு தென் மாநிலங்களைச் சுற்றிய நாட்களில், கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட தியேட்டர்களில் கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைக் கௌபாய் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். அவர்களுக்கு அவர்கள் நிறத்திலேயே ஒரு நாயகன் வேண்டாமா? ஜெட் ப்யூல் என்ற தயாரிப்பாளரைப் பிடித்தார். 1937இல் அவரே நாயகனாக நடித்த ‘ஹார்லெம் ஆன் தி பிரெய்ரி’ வெளிவந்தது. கறுப்பு நடிகர்களைக் கொண்டே எடுத்த பாட்டு வெஸ்டர்ன். 1939க்குள் இன்னும் மூன்று படங்கள் வந்தன.

ஜெஃப்ரிஸ் வெளிர் நிறத்தவர். கேமராவுக்கு முன் கறுப்பராகத் தெரிவதற்காக அவர் முகத்தில் கருமை பூசினார்கள். இதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் அந்த முகத்தோடு அவர் குதிரையேறிப் பாடியதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. படப்பிடிப்பு நடந்த இடமும் சாதாரண இடமல்ல. கலிஃபோர்னியாவின் விக்டர்வில் அருகே, மர்ரே என்ற கறுப்பினத் தம்பதி நடத்திய பண்ணை விடுதி அது. கறுப்பர்களுக்குப் பல விடுதிகள் கதவடைத்த காலத்தில், குடும்பத்தோடு வந்து தங்கிக் குதிரைச் சவாரி செய்ய அங்கே இடம் கிடைத்தது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸும் வந்து தங்கியிருக்கிறார்.

பெரிய பட்ஜெட் படங்கள் வேறு திசையில் போயின. ‘ஆனி கெட் யுவர் கன்’ (1950) படத்தில் லகோட்டா பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லாக நடித்தவர் ஜே. கேரல் நெய்ஷ், ஐரிஷ் வம்சாவளியினர். ‘ஓக்லஹோமா!’ (1955) எனக்கு இன்னும் வேதனை தருகிறது. பழங்குடியினருக்கென ஒதுக்கிய பிரதேசத்தில் நடக்கும் கதை. மூல நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ் செரோக்கி இனத்தவர். அந்தப் பிரதேசத்திலேயே பிறந்தவர். படத்திலோ அந்த மக்களைத் தேடினாலும் காணோம். பாடல்கள் இனிமையானவைதான், நானும் ரசிக்கிறேன். அதனால்தான் வலிக்கிறது.

ஜெஃப்ரிஸ் நடித்த ‘தி பிரோன்ஸ் பக்கரூ’ (1939) ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இணையத்தில் கிடைக்கிறது. பேசும் கழுதை என்று நம்பி நாயகனின் கூட்டாளி காசைப் பறிகொடுக்கும் காட்சியில் வீட்டுக் குழந்தைகளும் சிரிப்பார்கள். செலவு குறைவு, சண்டைக் காட்சிகளில் அது தெரியும். பரவாயில்லை, ஜெஃப்ரிஸின் குரல் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்கு அடுத்த இதழில் கூடுதலாக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்