பழனிமலை முகட்டில் புதிய அணை வேண்டாம்

நிலக்கரியை விட்டு விலக வேண்டும் என்பதில் இனி வழக்கில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்த எவரும் அனல்மின் நிலையங்களுக்கு இன்னும் ஐம்பது ஆண்டு ஆயுள் கேட்க மாட்டார்கள். எதைக் கொண்டு விலகுவது, யாருடைய நிலத்தில், என்ன விலை கொடுத்து என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கில் பழனிமலையும் ஒரு நாள் இழுக்கப்படும் என்பதால் எங்கள் நிலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: எந்த மின்திட்டத்தின் பெயராலும் கொடைக்கானல் மேல்மலையின் சோலைகளையும் புல்வெளிகளையும் மூழ்கடித்துப் புதிய நீர்த்தேக்கம் கட்டக் கூடாது.

மலையை ஏன் தொட வேண்டும், கடலிடம் கேட்கலாமே என்று ஒரு தரப்பு சொல்கிறது. நியாயமான கேள்வி. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலம் இது. கடல் நாளுக்கு இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. மேகம் வந்தால் சூரிய மின்சாரம் குறையும், காற்று ஓய்ந்தால் காற்றாலை நிற்கும். கடல் ஓதத்துக்கு அந்தக் குறை கிடையாது. பத்தாண்டு கழித்து இந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நீர் ஏறும் என்பதை இன்றே கணித்துவிடலாம். பிரான்ஸில் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966 முதல் 240 மெகாவாட் நிலையம் ஒன்று இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தென் கொரியாவின் சிஹ்வா ஏரியில் 2011-இல் 254 மெகாவாட் நிலையம் வந்தது.

ஆனால் எல்லாக் கடலும் ஒரே அளவு ஏறுவதில்லை. தடுப்பணை கட்டி ஓத நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கும்போது கிடைக்கும் ஆற்றல், நீர் ஏறும் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. உயரம் பாதியானால் மின்சாரம் கால்வாசியாகிவிடும். ரான்ஸில் கடல் சராசரியாக 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. நம் சோழமண்டலக் கரையில் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பாக் நீரிணையில் அதற்கும் குறைவு. அங்கே ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பு தரும் ஆற்றலை இங்கே எடுக்க 64 ஏக்கர் வேண்டும் என்று பொருள். பழவேற்காட்டையோ பிச்சாவரத்தையோ சுவர் வைத்து அடைத்தாலும் கணக்கு தேறாது. மீனவர் வாழ்வு போகும், அலையாத்திக் காடு போகும், மின்சாரமும் வராது.

ஓதம் உயர்ந்தெழும் இடங்களிலேயே இந்தியா இதில் வென்றபாடில்லை. நாட்டின் ஓத மின்வளம் 12,455 மெகாவாட் என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பகுதி குஜராத்தின் காம்பே, கட்ச் வளைகுடாக்களில் இருக்கிறது. கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் திட்டத்துக்கு 750 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில், துர்காதுவானி ஓடையில் வெறும் 3.75 மெகாவாட்டுக்கு 238 கோடி. அதாவது மெகாவாட்டுக்கு 63 கோடிக்கும் மேல். இரண்டுமே செலவு கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்டன. தூத்துக்குடிக் கடலில் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, சென்னை ஐஐடி 2022 நவம்பரில் சோதித்த ‘சிந்துஜா-1’ கருவி ஓதத்தை அல்ல, அலையை நம்பியது. அது தந்தது 100 வாட். கடலுக்குள் மிதவைகளுக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கும் இத்தகைய மின்சாரம் உதவும் என்பதால் அந்த ஆய்வு தொடர வேண்டும், நிதியும் கிடைக்க வேண்டும். ஆனால் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 1,050 மெகாவாட்டுக்கு அதை மாற்றாகக் காட்டினால் மக்களை ஏமாற்றுவதாகும்.

ஆனாலும் ரான்ஸும் சிஹ்வாவும் நமக்கு வேறொரு பாடம் வைத்திருக்கின்றன. மலையில் திட்டம் போடுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். ரான்ஸில் கட்டுமானத்துக்காக முகத்துவாரத்தைச் சில ஆண்டுகள் கடலிலிருந்து முழுதாக அடைத்துவிட்டார்கள். உப்பும் ஓதமும் இல்லாமல் அங்கிருந்த உயிர்கள் அழிந்தன; மறுபடி உயிர்ச்சூழல் நிலைபெறச் சுமார் பத்தாண்டு பிடித்தது. சிஹ்வாவில் நடந்தது வேறு. நன்னீர் ஏரி உருவாக்குவதற்காக 1994-இல் கடலுக்குக் குறுக்கே எழுப்பிய சுவர், ஏரியைச் சாக்கடையாக்கிவிட்டது. பிறகுதான் அதே சுவரில் மின்நிலையம் அமைத்துக் கடல்நீரை மறுபடி உள்ளேயும் வெளியேயும் விட்டார்கள். மின்சாரமும் கிடைத்தது, நீரும் தெளிந்தது. புதிதாக எந்த முகத்துவாரமும் சாகவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். வரைபடத்தில் பழனிமலை நிற்கும் இடம் கவனிக்கத் தக்கது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம் சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தெற்கே கம்பம் கணவாய்க் காற்று தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் அதையே செய்கிறது. 11,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைத் திறன் கொண்ட தமிழ்நாட்டுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. நேரம்தான் பிரச்சினை. ஆனி, ஆடி மாதங்களில் காற்று அடிக்கும்போது வாங்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். நண்பகலில் சூரிய மின்சாரம் வழிகிறது. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கு போட்டு, மிக்சி ஓடி, ஏசி ஓடத் தொடங்கும் நேரத்தில் சூரியன் இருப்பதில்லை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேர்த்து வைக்க வழியில்லாத வரை அந்த இடைவெளியை நிலக்கரிதான் நிரப்பும்.

சேர்த்து வைக்கும் வழிகளில் ஒன்று நீரேற்றுப் புனல் மின்திட்டம். மேலே ஒரு தேக்கம், கீழே ஒரு தேக்கம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழிருந்து நீரை மேலேற்றி, தட்டுப்பாடு வரும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவான நூறு அலகில் எழுபத்தைந்து, எண்பது திரும்பக் கிடைக்கும். இது நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில் காடம்பாறையில் நான்கு எந்திரங்களோடு 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. காடம்பாறை அணை மேல் தேக்கம், மேல் ஆழியாறு கீழ்த் தேக்கம். நீலகிரியில் கட்டப்பட்டுவரும் 500 மெகாவாட் குந்தா திட்டம் ஏற்கெனவே இருக்கும் போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களையே பயன்படுத்துகிறது. அதே நீலகிரியில் சில்லஹல்லா திட்டம் புதிய அணைகளைக் கேட்டது. விளைநிலம் மூழ்கும் என்று ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எது செய்யத் தக்கது என்பது விளங்கும்.

2023-இல் மத்திய அரசு இத்தகைய திட்டங்களை ஊக்குவிக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2024-இல் தமிழ்நாடு அரசு தனக்கென நீரேற்று மின்திட்டக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து தனியாருக்கும் கதவைத் திறந்தது. கொள்கையில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் இடம் தேடுபவரின் கண்ணுக்குப் பழனிமலை எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் விரிந்த பீடபூமி. அதன் விளிம்பிலிருந்து சமவெளிக்குச் செங்குத்தான இறக்கம். அடிவாரத்தைச் சுற்றிலும் மஞ்சளாறு, மருதாநதி, பரப்பலாறு, வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு என்று அணைகள். கீழ்த் தேக்கம் தயாராக இருக்கிறது, மேலே ஒன்று வெட்டினால் போதும் என்று காகிதத்தில் கோடு போடுவது எளிது.

அந்த ‘மேலே’ என்ன இருக்கிறது என்பது கோடு போடுகிறவருக்குத் தெரிவதில்லை. பங்குனியில், மழை பெய்து இரண்டு மாதமான பிறகு, சோலையின் ஓரத்தில் புல்வெளிக்குள் இறங்கி நடந்து பாருங்கள். புல் நுனி காய்ந்து செம்பட்டையாகியிருக்கும். கால் வைத்தால் அடியில் கருமண் அமுங்கும், பள்ளத்தில் நீர் கசிந்து குழியாகி, விரலளவு ஓடையாகிச் சோலைக்குள் போகும். பக்கத்திலேயே வாட்டில் மரத் தோப்புக்குள் நுழைந்தால் உதிர்ந்த குச்சி நொறுங்கும் ஓசைதான். பெரியகுளம் குடிக்கும் பேரிஜம் நீரும், பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் மலைப்பூண்டுக்குப் பாயும் நீரும், கீழே பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக்கு இறங்கும் நீரும் மேல்மலையில் இப்படிச் சேர்ந்துதான் வருகின்றன. எந்த மின்நிலையமும் தராத சேமிப்பு இது, செலவில்லாமல் ஆண்டாண்டாக நடந்துவருகிறது.

அதில் எவ்வளவு மிச்சம்? செயற்கைக்கோள் படங்களை வைத்து நாற்பது ஆண்டு மாற்றத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்கிறது. அழித்தவை தோட்ட மரங்களும் விவசாயமும். வாட்டிலையும் யூகலிப்டஸையும் பைனையும் இங்கே நட்டது கெட்ட எண்ணத்தில் அல்ல. தோல் பதனிடப் பட்டை, அடுப்புக்கு விறகு, செயற்கைப் பட்டுக்குக் கூழ் என்று அன்றைய தேவைகளைச் சொல்லித்தான் நட்டார்கள். வெட்ட வெட்ட வளரும் எரிபொருள் என்ற முறையில் அதுவும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தான். ‘வெறும் புல் முளைத்த தரிசு’ என்று அன்று எழுதிவைத்த நிலம் இந்த மலையின் நீர்த்தொட்டி என்பது பின்னால்தான் புரிந்தது. இன்று வனத்துறை அந்த அந்நிய மரங்களை அகற்றுவதற்குத் திட்டம் போட்டுப் பணம் செலவழிக்கிறது. ஒரு தலைமுறையின் எரிபொருள் பசிக்கு இந்த மலை ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது. இரண்டாம் முறை கேட்க நமக்கு உரிமையில்லை.

கொடைக்கானல் கொடுத்த விலை அதோடு நிற்கவில்லை. 1980-களில் வேலைவாய்ப்பு என்று வரவேற்கப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டெடுக்கப்பட்ட பிறகு 2001-இல் மூடப்பட்டது. ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-இல். ஆலை இருந்த இடத்தின் சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. அனுமதி கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பதினைந்து ஆண்டு கழித்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அனுபவித்து அறிந்திருக்கிறது.

எங்கள் நிலைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை மதிக்கிறோம். எண்ணூரில் குழந்தைகள் சாம்பல் காற்றைச் சுவாசிக்க, மலைக்காரர்கள் தங்கள் புல்லைக் காக்க எல்லாவற்றுக்கும் ‘முடியாது’ என்பது என்ன நீதி? உண்மைதான். வெப்பம் ஏறிக்கொண்டே போனால் சோலைக்கும் புல்வெளிக்கும் நாளை அதுவே எமன். ஆகவே மலையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாளுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அந்த வரம்பையே பாரமாக நினைத்து முணுமுணுக்கும் விடுதிக்காரர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் மின்சாரப் பேருந்துகளை ஏற்றி, டீசல் வண்டிகளைக் கீழேயே நிறுத்தச் செய்வது கொடைக்கானல் நாட்டுக்குத் தரக்கூடிய உண்மையான பங்களிப்பு. விடுதிக் கூரைகளில் சூரியத் தகடும் வெந்நீர்க் கருவியும் கட்டாயமாகட்டும். வெட்டி அகற்றும் வாட்டில் மரம் எரிபொருளாகப் போகட்டும். போன இடத்தில் மறுபடி புல் வரட்டும்.

சேமிப்புக்கு மாற்று இல்லையா? இருக்கிறது. காடம்பாறையின் நான்கு எந்திரங்களும் தேவைப்படும் நாளெல்லாம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும்; கையில் இருக்கும் 400 மெகாவாட்டைப் பேணாமல் புதிய ஆயிரங்களை அறிவிப்பதில் பயனில்லை. இழுத்துக்கொண்டே போகும் குந்தாவை முடிக்க வேண்டும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், இரண்டு அணைகள் ஏற்கெனவே அருகருகே இருக்கும் இடங்களை முதலில் எடுக்க வேண்டும், சிஹ்வாவில் இருந்த சுவரையே பயன்படுத்தியது போல. ஆற்றோடு சேராத வறண்ட குன்றுகளில், கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்களில் இடம் பார்க்கலாம். விலை இறங்கிவரும் பேட்டரிகளைத் துணைமின் நிலையங்களிலேயே வைக்கலாம். மாலை நேரத்து மூன்று நான்கு மணி இடைவெளிக்கு அவை போதுமானவை, ஒரு சென்ட் காடும் கேட்காதவை.

பழனிமலையில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது போதுமான காவல் அல்ல. சரணாலயங்களுக்குள்ளும் வனவிலங்கு வாரிய அனுமதி வாங்கித் திட்டங்கள் நுழைந்த கதை நாட்டில் பல. இந்த மலையில் பளியரும் புலையரும் வாழ்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களின் கிராம சபைக்குக் குரல் கொடுத்திருக்கிறது. அந்தக் குரலைக் கேட்காமல் மேல்மலையில் ஆய்வுக் குழி கூடத் தோண்டக் கூடாது.

நீரேற்று மின்திட்டங்களுக்காகப் பரிசீலிக்கும் எல்லா இடங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றிலும் மூழ்கும் நிலத்தின் அளவோடு, தமிழ்நாடு அரசு தமிழில் வெளியிட வேண்டும். சரணாலய எல்லைக்குள்ளும் அதையொட்டிய சோலை, புல்வெளிப் பரப்பிலும் புதிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை என்று அடுத்த சட்டப்பேரவைக் கூட்டத்தொடரிலேயே முதலமைச்சர் அறிவிக்க வேண்டும்.