1.7 விநாடி

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 2011 மார்ச் 9 அன்று ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடிவதற்கு முன்பே முடிந்துபோனது. பிக் ஈஸ்ட் கல்லூரிகளின் நாக்-அவுட் போட்டி அது. ரட்கர்ஸ் அணியை செயின்ட் ஜான்ஸ் 65-63 என்று முந்தியிருந்தது. ரட்கர்ஸ் கடைசியாக வீசிய நீண்ட பந்தைப் பிடித்த செயின்ட் ஜான்ஸ் வீரர் ஜஸ்டின் பிரவுன்லீ, பந்தோடு நடந்தார். கோட்டைத் தாண்டினார். வெற்றிக் களிப்பில் பந்தைப் பார்வையாளர்கள் பக்கம் வீசியெறிந்தார். அவர் கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் 1.7 விநாடி பாக்கி இருந்தது. நடுவர்கள் மூவரில் ஒருவர்கூட விசில் ஊதவில்லை. களத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள்.

தவறு நடந்ததை பிக் ஈஸ்ட் அமைப்பு ஒப்புக்கொண்டது. கூடவே, அதைத் திருத்த விதிகளில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டது. நடுவர்கள் மூவரும் அந்தப் போட்டியின் மற்ற ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார்கள். ரட்கர்ஸ் மாணவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள்.

ஒன்றே முக்கால் விநாடிக்குக்கூட வராத நேரத்துக்கு இத்தனை புலம்பலா என்று கேட்கலாம். கூடைப்பந்தின் கணக்கு வேறு. விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். பந்தைப் பிடித்துக் கூடையை நோக்கி எறிய 0.4 விநாடி போதும் என்று விதியே சொல்கிறது. 0.3 என்றால்தான் பிடிக்க நேரமில்லை, தட்டிவிட மட்டுமே அனுமதி. அப்படிப் பார்த்தால் 1.7 விநாடி தாராளமான நேரம். ரட்கர்ஸ் கையில் பந்து கிடைத்திருந்தால் ஒரே எறியில் மூன்று புள்ளி எடுத்து ஜெயித்திருக்கலாம். தோற்றும் இருக்கலாம். ஆனால் ஆடித் தோற்பது வேறு, ஆடவிடாமல் தோற்பது வேறு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1986 மார்ச்சில் கான்ஸஸ் சிட்டி நகரில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியில் கான்ஸஸ், மிச்சிகன் ஸ்டேட் அணிகள் மோதின. கடைசி நிமிடங்களில் ஆட்டம் ஓட, கடிகாரம் மட்டும் சுமார் 15 விநாடி நின்றுவிட்டது. மிச்சிகன் ஸ்டேட் பயிற்சியாளர் ஜட் ஹீத்கோட் கத்திப் பார்த்தார், பலனில்லை. பின்தங்கியிருந்த கான்ஸஸ் இறுதி விநாடிகளில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 96-86 என்று ஜெயித்தது. அந்த 15 விநாடி யார் கணக்கில் சேர்ந்தது?

தவறைத் திருத்த யாராவது துணிந்தால் போதாதா என்றால், அதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் பதில் சொல்லும். இறுதி ஆட்டத்தில் கல்லூரி வீரர்கள் அடங்கிய அமெரிக்க அணி 50-49 என்று முந்தி நின்றது. பாக்கி 3 விநாடி. குளறுபடிகளுக்கு நடுவே சர்வதேசக் கூட்டமைப்பின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து, கடிகாரத்தை மறுபடி 3 விநாடிக்கு வைக்கச் சொன்னார். அந்த அதிகாரம் அவருக்கு விதியில் இல்லை. சோவியத் வீரர் அலெக்சாண்டர் பெலோவ் கூடையில் போட, முடிவு 51-50 என்றாயிற்று. முறையீட்டுக் குழு அதை 3-2 வாக்கில் உறுதி செய்தது. வெள்ளிப் பதக்கத்தை வாங்க அமெரிக்கர்கள் மறுத்தார்கள்.

ஆக, திருத்தவே முடியாத விதியும் அநியாயம் செய்கிறது, விதியில்லாத திருத்தமும் அநியாயம் செய்கிறது.

இன்று விசில் ஓசை கேட்டதும் கடிகாரத்தைத் தானாக நிறுத்தும் கருவி இருக்கிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் பலகை இருக்கிறது. டிவி ரீப்ளே இருக்கிறது. ஆனால் ஊதாத விசிலை எந்தக் கருவி கேட்கும்? களத்தைவிட்டுப் போனவருக்கு எந்தத் திரை உதவும்?

நடுவர் தவறு செய்வது மனித இயல்பு. அவர் அடுத்த வாரம் வேறு ஆட்டத்துக்கு வரலாம். கல்லூரி வீரனுக்கு வழக்கமாகக் கிடைப்பது நான்கு பருவங்கள். அதுவும் நாக்-அவுட்டில் அடுத்த ஆட்டம் என்பதே கிடையாது. அவனுக்காக ஒரு சின்ன ஏற்பாடு போதும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதா என்று திரையில் சரிபார்த்துக் கையெழுத்திடும் வரை மூன்று நடுவர்களும் களத்திலேயே நிற்கட்டும். அரை நிமிடம் ஆகும். நாற்பது நிமிடம் ஓடிக் களைத்தவர்களுக்கு அந்த மரியாதை கூடவா அதிகம்?