காற்றின் பெயர் கொண்ட கையெழுத்து

1953-இல் மார்செய் நகரின் ஒலிவ் அச்செழுத்து வார்ப்பகம் 'மிஸ்ட்ரால்' என்ற எழுத்துருவை வெளியிட்டது. தென் பிரான்சில் சீறி அடிக்கும் குளிர்காற்றின் பெயர் அது.

வடிவமைத்த ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். தூரிகையை அவசரமாக இழுத்ததுபோல் கோடு தடித்து மெலியும். சிற்றெழுத்துகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஈயத்தில் தனித்தனியாக வார்த்த துண்டுகளை இப்படி ஒட்டி நிற்க வைப்பது லேசுப்பட்ட வேலையா?

கடைப் பலகையிலும் 2011-இல் வந்த 'டிரைவ்' படத்தின் இளஞ்சிவப்புத் தலைப்பிலும் அது துள்ளுகிறது. நாலைந்து சொல்லுக்குத்தான் அந்த அழகு. பத்தி முழுக்க ஓடவிட்டால் கண் சலித்துவிடும்; எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் இணைப்பு அறுந்து அலங்கோலம்.

கணினியிலேயே கிடக்கிறது என்பதற்காக இரங்கல் அறிவிப்புக்கும் அதை எடுக்காதீர்கள்.