சீமைக் கருவேலும் சமூக ஆராய்ச்சியும்

திருமங்கலத்துச் சுற்றுப்புறங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலை அறியாதார் இலர். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கென அயல்நாட்டினின்று கொணரப்பட்ட இம்மரத்தை அகற்றுமாறு 2017-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. சில திங்களிலேயே அதற்கு இடைக்காலத் தடையும் பிறந்தது. தமிழ்நாடு அரசு 2022-ல் அயற்செடிகளை அகற்றக் கொள்கையும் வகுத்தது. கண்மாயை அடைத்த மரம் போகவேண்டுவதே; அதில் ஐயமில்லை. ஆயின், அதனை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைப்போர் என் செய்வர்? அடுப்பெரிக்க அதனையே நம்பும் பெண்டிர் எங்குச் செல்வர்? தாவர நூலார் வேரையும் விதையையும் ஆராய்வர்; வீட்டுக் கணக்கை ஆராய்வார் யார்? பொருளாதாரம் பயிலும் நம் மாணாக்கர் கோடை விடுமுறையில் கண்மாய்க் கரை ஊர்கள் நான்கினுக்கேனும் சென்று வெட்டுக்கூலி, கரிவிலை, விறகுச்சுமை ஆகியவற்றைக் குறித்து வரலாம். மரத்தை ஏலம் விடுமுன் அக்குறிப்பேடு அதிகாரிகளின் கையில் சேர்தல் வேண்டும்.