பக்கத்திற்கு ஒன்பது பேர்



ஆசியக் கைப்பந்துக் கூட்டமைப்பில் 65 தேசியச் சங்கங்கள் உறுப்பியம் பெற்றுள்ளன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. அத்துணைப் பெரிய அமைப்பிற்கும் ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு.

1895இல் அமெரிக்காவில் பிறந்த இவ்வாட்டம் ஆசியாவிற்கு வந்தபோது, அணிக்குப் பதினாறு பேர் வரை ஆடினர். பின்னர் அவ்வெண்ணிக்கை ஒன்பதானது. உலக விதி அறுவர் என்றபோதும் ஆசியா தன் வழக்கத்தை உடனே கைவிடவில்லை. 1958இல் டோக்கியோவிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஒன்பதின்மர் ஆட்டமும் இடம்பெற்றது.

நாமோ உயரமான அறுவரைத் தேர்ந்துவிட்டு, ஏனையோரை ஓரத்தில் அமர்த்துகிறோம். போட்டிக்கு அது பொருந்தும். உடற்கல்வி வகுப்பிற்குப் பொருந்தாது.

இடமில்லை என்பர் சிலர். முழுத் திடலே 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமுமே. சிறுவர்க்கு அதனினும் சிறியது போதும். உயரமில்லை என்பர் வேறு சிலர். பின்களம் காக்கும் 'லிபெரோ' ஆட்டக்காரருக்கு 1998 முதல் உலக விதியே இடமளிக்கிறது. தேர்வு நெருங்குகிறது என்ற காரணமும் இனி எடுபடாது, யு.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டுவிட்டது.

ஆசிரியர்களே, வலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். பக்கத்திற்கு ஒன்பது பேரை நிறுத்துங்கள். பெற்றோர்களே, "என் பிள்ளை அணியில் உண்டா?" என்பதோடு நில்லாமல், "வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பந்தைத் தொட்டனரா?" என்றும் கேளுங்கள்.