கடற்காற்றுக்கும் விலைச் சீட்டா?

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் சென்னை மக்கள் கடற்கரையை நாடுகிறார்கள். மாலை வேளைகளில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணல் தெரியாத கூட்டம். குழந்தைகள் அலையில் கால் நனைக்கிறார்கள். பெரியவர்கள் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, பகலெல்லாம் தகரக் கூரை கொட்டிய அனலைச் சற்றே மறக்கிறார்கள். இந்த இன்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

இதே கோடையில்தான் வீட்டு வியாபாரிகளும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கிறார்கள். நீச்சல் குளம், நிழல் சாலை, ஏரிக் காற்று எல்லாவற்றையும் வீட்டோடு சேர்த்துத் தருகிறார்களாம்! காற்றையும் நீரையும் இவர்களா படைத்தார்கள்?

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென் சென்னையின் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்ட பெரும் சதுப்பு நிலம் அது. அதன் பெரும்பகுதியைக் குப்பை மேடும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கிவிட்டன. மிச்சமிருப்பது 2022இல்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நீர் தங்கும் இடத்தைத் தூர்த்தால் என்ன நடக்கும்? 2015இல் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் லட்சக்கணக்கில் கொடுத்து அடுக்குமாடி வீடு வாங்கியவர்களும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள்.

சொந்த வீட்டு ஆசை தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் வாடகை ஏறும் ஊரில், தலைக்கு மேல் ஒரு கூரையை நாடுவது நியாயமே. ஆனால் அந்தக் கூரைக்கு நடுத்தர வர்க்கம் கொடுக்கும் விலை என்ன? 50 லட்ச ரூபாய் கடன். வட்டி 9 சதவீதம். தவணைக் காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 45,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் 37,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது சுமார் 7,500 ரூபாய்தான்! 20 ஆண்டு முடியும்போது கட்டியிருப்பது சுமார் 1 கோடியே 8 லட்சம். அதாவது ஒரு வீட்டை வாங்கி, இரண்டு வீட்டுக்குப் பணம் கொடுக்கிறார் சம்பளக்காரர்.

வாங்குகிறவர்களைக் காக்க 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் வட்டி தர வேண்டும். வீடு வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும். ஆனால் தனியொருவர் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெரும் முதலாளியை எதிர்த்து எத்தனை நாள் அலைய முடியும்? ஒரே கட்டடத்தில் வீடு வாங்கியவர்கள் சங்கமாகச் சேர்ந்தால்தான் சட்டத்துக்கு உயிர் வரும்.

அந்தக் கட்டடத்தை எழுப்புகிறவர்களை விளம்பரத்தில் காண முடியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உச்சி வெயிலில் கம்பி கட்டுகிறார்கள். இரவில் தகரக் கொட்டகையில் புழுங்குகிறார்கள். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை நாடு மறந்துவிடலாமா? மற்றொரு பக்கம், கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த உழைப்பாளிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலையும் பள்ளியும் ஓரிடத்தில், வீடு வேறிடத்தில்! நகரத்தைக் கட்டியவனுக்கு நகரத்துக்குள் இடமில்லை என்றால் இது என்ன நீதி?

தமிழ்நாடு சர்க்கார் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லது. அந்த அறிவிப்பு வேலைத்தளம் வரை வந்து சேர வேண்டும். நாம் கோருவது இவைதான்: உச்சி வெயில் நேரத்தில் கட்டட வேலைக்குச் சம்பளத்தோடு ஓய்வு, நிழலும் குடிதண்ணீரும் தருவது முதலாளியின் கடமை. வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே, நியாய வாடகையில் சர்க்கார் வீடுகள். ஏரி, சதுப்பு நிலம் எதிலும் இனி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. கடற்கரையும் பூங்காவும் என்றும் கட்டணமின்றி மக்களுக்கே.

தவணை கட்டித் தவிக்கும் குமாஸ்தாவும், சாரத்தில் நிற்கும் கொத்தனாரும், பெரும்பாக்கத்துத் தாயும் ஒருவருக்கொருவர் பகைவர்கள் அல்லர். மூவரையும் பிழிவது ஒரே லாப வேட்டைதான். இதை உணர்ந்து மூவரும் ஓரணியில் சேர்ந்தால், இந்த நகரத்தின் நிழல் எல்லோருக்கும் கிட்டும். அந்த அணியை இந்தக் கோடையிலேயே கட்டத் தொடங்குவோம்!